அஞ்சுகத்தின் மிளகாய்ச் செடியும் பதிவு பெற்ற அசுவினிகளும்

ஒரு காட்டில், வேங்கை மரத்துப் பொந்து ஒன்றில், அஞ்சுகம் என்ற கிளி தன் ஒரே குஞ்சோடு குடியிருந்தாள். பொந்துக்குள் ஒரு தொட்டி, தொட்டியில் ஒரு மிளகாய்ச் செடி. செடியை வெளியில் வைத்தால் என்ன என்று கேட்பவர்கள் அந்தக் காட்டுக் குரங்குகளைப் பார்த்ததில்லை என்று அர்த்தம். பொந்தின் மேலே ஒரு ஓட்டை வழியாக நல்ல வெயில் உள்ளே வரும். அந்த வெயிலுக்காகவே விண்ணப்பம் போட்டு, மூன்று மழைக்காலம் காத்திருந்து, அந்தப் பொந்தை ஒதுக்கீட்டில் வாங்கியிருந்தாள்.

அந்தக் காட்டுக் கிளிகளிடம் ஒரு வழக்கம் இருந்தது. தன் வீட்டில் விளைந்த முதல் மிளகாயைத் தின்ற பிறகுதான் குஞ்சுக்குப் பேச்சு வரும். அதையும் பறக்கத் தொடங்கும் முன்பே தின்றாக வேண்டும். தவறினால் ஆயுசுக்கும் கீச்சுக் கீச்சுதான். பக்கத்து வீட்டு மிளகாய், சந்தை மிளகாய் எதுவும் செல்லாது. அஞ்சுகத்தின் குஞ்சுக்கு இறக்கை நன்றாக முளைத்துவிட்டது. செடியிலோ அப்போதுதான் ஐந்து மொட்டு விட்டிருந்தது. அவள் தினமும் ஒருமுறை குஞ்சைப் பார்ப்பாள், ஒருமுறை மொட்டைப் பார்ப்பாள், பெருமூச்சு விடுவாள்.

இந்த நேரத்தில் அவள் ஒரு தப்புச் செய்தாள். பொந்து பார்க்க லட்சணமாக இருக்கட்டுமே என்று சந்தையிலிருந்து ஒரு செம்பருத்திக் கன்று வாங்கிவந்து மிளகாய்த் தொட்டியை ஒட்டி வைத்தாள். வாங்கும்போது இலையின் மேல்பக்கத்தைப் பார்த்தாள், பளபளவென்று இருந்தது. அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. அங்கேதான் ஒரு அசுவினி குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தது.

அசுவினி என்பது எள்ளளவு இருக்கும் பச்சைப் பூச்சி. இலையின் சாற்றை உறிஞ்சிக்கொண்டே குட்டி போடும். முட்டை, அடைகாப்பு என்ற வேலையெல்லாம் அதற்குக் கிடையாது. ஒரே வாரத்தில் மிளகாய்ச் செடியின் கொழுந்தெல்லாம் சுருண்டு, இலையெல்லாம் பிசுபிசுத்தது. இரண்டு மொட்டு உதிர்ந்தே போயிற்று.

அலகால் எல்லாவற்றையும் நசுக்கியிருக்கலாமே என்பீர்கள். அங்கேதான் சிக்கல். அந்தக் காட்டில் முன் அனுமதி இல்லாமல் எந்த உயிரையும் தொடக்கூடாது. தொட்டால் பொந்து ஒதுக்கீடு ரத்து. புலிக்கு மட்டும் விலக்கு உண்டு. புலியிடம் போய்ப் படிவத்தை நீட்ட யாருக்கும் தைரியம் வரவில்லை என்பதுதான் காரணம்.

அஞ்சுகம் முதலில் பொறிவண்டு பத்மாசனியைத் தேடிப் போனாள். அசுவினியைத் தின்பது என்றால் பத்மாசனிக்கு உயிர்.

"ஒரு மத்தியானம் போதும்க்கா, ஒண்ணு விடாம முடிச்சுருவேன். ஆனா தடையில்லாச் சான்று இல்லாம வந்தா என் உரிமத்தைப் பிடுங்கிருவாங்க. நீ கட்டெறும்பு ஆபீசுல போய் வாங்கிட்டு வா" என்றாள் பத்மாசனி.

கட்டெறும்பு ஆபீசில் வரிசை ஆற்றங்கரை வரை நின்றது. அஞ்சுகத்துக்கு முன்னால் ஒரு நத்தை. வரிசை நகர்ந்தாலும் நத்தை நகரவில்லை. மூன்றாம் நாள் அவள் மேசைக்கு வந்து சேர்ந்தாள். ஆய்வாளர் தணிகாசலம் தலையை நிமிர்த்தாமலே எழுதினார். அவர் மோசமான எறும்பு இல்லை. அவருக்கு இனிப்பின் மீது ஆசை, பதிவேட்டின் மீது அதைவிட ஆசை, அவ்வளவுதான்.

"பூச்சியா? நேர்ல வந்து பாத்துட்டுத்தாம்மா சொல்ல முடியும்" என்றார்.

வந்தார். பொந்துக்குள் நுழைந்து, செடியை அண்ணாந்து பார்த்து, அப்படியே நின்றுவிட்டார். அவருடைய கண் கலங்கியது.

"இதையாம்மா பூச்சின்னு சொன்னீங்க? இது எங்க கறவை மாடும்மா!"

எறும்புகளுக்கு அசுவினிதான் பசு. முதுகைத் தடவிக் கொடுத்தால் அதன் பின்புறத்தில் தேன் போல ஒரு சொட்டு வரும். தணிகாசலம் ஒரு சொட்டை அங்கேயே ருசி பார்த்துவிட்டு, படிவத்தை எடுத்து, அசுவினிகள் அத்தனையையும் பதிவு பெற்ற விலங்குகள் என்று எழுதி, நகல் ஒன்றை நீட்டி, அஞ்சுகத்தைப் பால்பண்ணைக்காரி ஆக்கிவிட்டார். மறுநாள் முதல் பொந்துக்குள் எறும்புகள் சாரை சாரையாக வந்து கறந்துகொண்டு போயின. குஞ்சுக்குத் தூங்கக்கூட இடமில்லை. மூன்றாவது மொட்டும் உதிர்ந்தது.

அஞ்சுகம் தொட்டியைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள். தன் பிள்ளை தன்னை ஒருநாளும் அம்மா என்று கூப்பிடாது என்ற நினைப்பே அவளுக்குத் தாங்கவில்லை. அழுது முடித்து மூக்கைத் துடைக்க எதுவும் அகப்படாமல் அந்தப் படிவத்தையே எடுத்தாள். எடுத்தவள் அதன் பின்பக்கத்தைப் பார்த்தாள். பொடி எழுத்தில் ஏதோ இருந்தது. காடு உண்டான நாளிலிருந்து படிவத்தின் பின்பக்கத்தைப் படித்த முதல் பிராணி அவளாகத்தான் இருக்கும். படித்தாள், இரண்டு தரம் படித்தாள், மனப்பாடமே ஆகிவிட்டது.

நேரே ஆபீசுக்குப் பறந்தாள்.

"சார், பதிவு பெற்ற விலங்கை நாலு நாளைக்கு ஒருதரம் பூந்திக்கொட்டை நுரைத் தண்ணியில தலை முதல் கால் வரைக்கும் தேய்ச்சுக் குளிப்பாட்டணும்னு போட்டிருக்கு. அப்புறம் வேப்பெண்ணெய் பூசணும். புதுசா வந்ததை ரெண்டு வாரம் தனியாக் கட்டணும். உடம்பு பெருத்துடாம தீனியைக் குறைக்கணும். வாரம் ஒருதரம் மருத்துவர் வரணும். இதுல ஒண்ணுகூட உங்க மாடுகளுக்கு நடக்கலையே?"

தணிகாசலம் படிவத்தைத் திருப்பிப் பார்த்தார். அவருடைய மீசை தொங்கிப்போயிற்று.

"இது யானை முகாமுக்கு அடிச்ச படிவம்மா. மிச்சம் இருந்ததை எல்லாத்துக்கும் குடுக்கிறோம்."

"அப்ப படிவம் தப்புன்னு எழுதிக் குடுத்திருங்க சார்."

தணிகாசலம் பின்னால் திரும்பிப் பார்த்தார். கூரை முட்ட நாற்பதாயிரம் படிவங்கள் அடுக்கியிருந்தன. தப்பு என்று எழுதினால் அத்தனையும் தப்பு. அவர் காலத்தில் போட்ட பதிவுகள் எல்லாமே தப்பு. அவர் பேனாவை எடுத்து, எல்லா விதிகளும் உடனே அமல் என்று கையெழுத்துப் போட்டார். மருத்துவர் இடத்துக்கு ஆள் கேட்டு விளம்பரம் கொடுத்ததில் ஒரே ஒரு விண்ணப்பம்தான் வந்தது. பத்மாசனி போட்டிருந்தாள்.

அஞ்சுகம் விதியில் ஒரு புள்ளி விடவில்லை. செம்பருத்திக் கன்றைப் புதிதாக வந்தது என்று பிரித்து, பொந்தின் மறுகோடிக்குத் தள்ளினாள். தொட்டிக்கு உரம் போடுவதை நிறுத்தினாள்; உரம் குறைந்தால் இலையில் சாறு குறையும், அதுதான் தீனிக் குறைப்பு. பூந்திக்கொட்டையை ஊறவைத்து நுரைத்து, இலை இலையாகத் திருப்பி, அடிப்பக்கத்தில் ஒளிந்திருந்த மாடுகளையும் விடாமல் குளிப்பாட்டினாள். யானைக்குச் சுகமான குளியல்தான். எள்ளளவு உடம்புக்கு நுரை மூக்கை அடைத்தது. கொஞ்ச நேரம் கழித்து நல்ல தண்ணீரால் செடியை அலசிவிட்டாள், மாடுகள் தண்ணீரோடு போயின. தப்பியவை போட்ட கன்றுகளுக்கு நான்காம் நாள் மறுபடி குளியல், சாயந்திரமாக வேப்பெண்ணெய். அதற்கும் மிஞ்சியவற்றை மருத்துவர் பத்மாசனி வாரம் ஒருமுறை வந்து பரிசோதித்தாள். பரிசோதித்து முடித்ததும் ஏப்பம் விட்டாள்.

கறக்க வந்த எறும்புகள் வெறுங்கையோடு திரும்பின. பிறகு வருவதையும் நிறுத்திவிட்டன.

மூன்றாம் வாரம் மிஞ்சிய இரண்டு மொட்டும் பூத்தன. அஞ்சுகம் இறக்கையால் மெல்ல விசிறி விசிறி மகரந்தத்தை உதிர்த்துவிட்டாள். ஒரு பூ காய்த்தது. குஞ்சு பொந்தின் வாசலில் நின்று இறக்கையை அடித்துப் பார்க்கத் தொடங்கியது. அஞ்சுகம் ஒரு காலால் அதைப் பிடித்துக்கொண்டே இன்னொரு பக்கம் மிளகாய் வளர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரலளவு ஆனதும் பறித்து, குஞ்சின் வாயில் வைத்தாள்.

குஞ்சு ஒரு கடி கடித்தது. கண்ணைச் சிமிட்டியது. பிறகு காடே கேட்கக் கத்தியது:

"அம்மா, எரியுது!"

அஞ்சுகத்துக்கு ஆனந்தம் தாங்கவில்லை. தண்ணீர் கொடுக்கவே மறந்துபோனாள்.

அந்த நேரம் பார்த்து ஆண்டு ஆய்வுக்குத் தணிகாசலம் வந்து சேர்ந்தார். இலையைத் திருப்பினார், தண்டைத் தடவினார். ஒரு மாடுகூட இல்லை. அஞ்சுகத்துக்குப் பக்கென்றது. தணிகாசலம் செடியை இன்னொரு முறை சுற்றி வந்து பார்த்தார். இருந்தாலும் கடமை கடமைதான் என்று பதிவேட்டைத் திறந்து கட்டங்களை நிரப்பினார். நோயுற்றவை: இல்லை. பட்டினி கிடப்பவை: இல்லை. குளிக்காதவை: இல்லை. புகார்: ஒன்றுகூட இல்லை. எத்தனை மீதம் என்று கேட்கப் படிவத்தில் கட்டமே கிடையாது. நிரப்ப நிரப்ப அவர் முகம் மலர்ந்தது. அவர் உத்தியோகத்தில் இப்படி ஒரு சுத்தமான பக்கத்தை அவர் பார்த்ததே இல்லை.

"முழு வெற்றிம்மா! இதைக் காடு முழுக்கக் கொண்டுபோறோம்" என்றார்.

மறுநாள் காலை ஆபீஸ் வாசலில் பெரிய வரிசை. சுற்றுவட்டாரத்து அசுவினிகள் எல்லாம் குட்டிகளை முதுகில் ஏற்றிக்கொண்டு வந்து, இலவசக் குளியலுக்கும் மருத்துவருக்கும் தங்கள் பெயரை எழுதச் சொல்லி ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டிருந்தன.

நீதி: யாரையாவது ஒழிக்க வேண்டுமா? சண்டைக்குப் போகாதீர்கள். அவர்கள் பெயரில் ஒரு நலத்திட்டம் தொடங்குங்கள், அவர்களே வரிசையில் வந்து நிற்பார்கள்.