தீனிமேடையில் குருவி ஓட்டுகிறவள்

கள்வராயன் மலைப் பறவைகள் பட்டினி கிடப்பதாக யாரும் மனுக் கொடுத்ததில்லை. பறவைகளும் கொடுத்ததில்லை. ஆனாலும் அவற்றின் பசியைப் போக்கவும், அவை பசியாறும் அழகைப் பொதுமக்கள் உட்கார்ந்து பார்த்து மகிழவும், வெள்ளிமலைக்குப் பக்கத்தில் ‘வண்ணப் பறவைகள் தீனிமேடை மற்றும் காட்சிக்கூடம்’ அமைக்கப்படும் என்று ஆணை பிறந்தது.

பட்டணத்தில் அப்போது பறவை பார்ப்பது பரவியிருந்தது. முந்தின வருஷம் சைக்கிள் மிதித்தவர்களும் அதற்கு முந்தின வருஷம் மொட்டைமாடியில் கீரை வளர்த்தவர்களும், இந்த வருஷம் காட்டு நிறத்தில் சட்டை தைத்துக்கொண்டு, முழங்கை நீளக் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். வாசலில் வந்து கத்துகிற காக்கையை அவர்கள் பறவையாகச் சேர்க்கவில்லை. வண்ணம் வேண்டும், அது தொலைவிலும் இருக்க வேண்டும்.

ஆறு சிமெண்டுத் தூண், அவற்றின் மேல் ஆறு இரும்புத் தட்டு, எதிரே பார்வையாளருக்கு நாற்பது நாற்காலி. வாசலில் ஒரு பலகை. அதில் ஆள் உயரத்துக்குப் பஞ்சவர்ணக்கிளி. அந்தக் கிளி இந்த தேசத்துக் காட்டிலேயே கிடையாது என்று ஒரு வாத்தியார் சொல்லிப் பார்த்தார். பிரிவு அலுவலர் சுப்புராயன் பலகையை நிமிர்ந்து பார்த்துவிட்டு, “இங்க இருக்குதே சார்” என்றார்.

தட்டில் தீனி வைக்கத் தற்காலிகமாக ஓர் ஆள் தேவைப்பட்டது. பறவைகளோடு பத்தாண்டு முன்அனுபவம் வேண்டும் என்பது விதி. மாவட்டம் முழுக்கத் தேடியதில் அந்தத் தகுதி ஒரே ஒருத்திக்குத்தான் இருந்தது: களமருதூர் கொளஞ்சியம்மாள். ‘பதினோரு வருஷம் என் நிலத்தில் பறவைகள் சம்பந்தமான வேலை பார்த்தவர். ஒரு பறவையும் இவரிடம் தப்பியதில்லை’ என்று நிலக்காரி ராஜாம்பாள் சான்றிதழ் எழுதிக் கொடுத்திருந்தாள். அதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை. ராஜாம்பாளின் கம்பங்கொல்லையில் கதிர் பால் பிடிக்கிற நாள் முதல் அறுப்பு வரைக்கும் பரண்மேல் நின்று, தகர டப்பாவைத் தட்டிக் குருவி ஓட்டியவள் கொளஞ்சியம்மாள்.

நேர்காணலில் சுப்புராயன் கேட்டது ஒரே கேள்வி.

“பறவைங்களுக்கு உன்ன தெரியுமாம்மா?”

“நல்லா தெரியுங்க சார். நான் கொல்லையில கால வெச்சா போதும், அதுங்க ஏரிக்கு அந்தாண்ட...”

“போதும்மா” என்று சொல்லி அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். கேட்ட கேள்விக்குப் பதில் வந்துவிட்டால் மிச்சத்தைக் கேட்கும் வழக்கம் அந்த அலுவலகத்தில் இல்லை.

வெளியே வந்ததும் அவள் புருஷன் பாவாடையிடம், “ஓட்டினவளப் புடிச்சி ஊட்டச் சொல்றாங்கய்யா. உள்ளத சொல்லிடட்டுமா?” என்று கேட்டாள். “கேட்டாங்களா? கேட்டா சொல்லு” என்றான் அவன்.

சொல்ல அவளுக்கு மனமும் இல்லை. கொல்லை வேலை முடிந்ததும் வருஷா வருஷம் மார்கழியில் கரும்பு வெட்டுக் கும்பலோடு லாரி ஏறி, ஆறு மாசம் ஊர் ஊராகப் போய், நீலத் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்துவிட்டு வருவதுதான் அவர்கள் பிழைப்பு. ஆடியில் அவரை விதை போடுவாள். அது பூக்கிற நேரத்தில் லாரி வந்துவிடும். காய்த்ததை யார் பறித்தார்கள், குழம்பில் என்ன ருசி இருந்தது என்று அவளுக்குத் தெரியாது. இந்த வேலையோடு வெள்ளிமலையில் ஓர் அறையும் கொடுத்தார்கள். ஆறு மாசம் கழித்து நடக்கிற ஆய்வில் தீனிமேடை தேறினால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் மேடையை மூடிவிட்டு நாற்காலிகளைச் சின்னசேலத்துக்கு ஏற்றிவிடுவார்கள். கொளஞ்சியம்மாள் லாரி ஏற வேண்டியதுதான். அறைக்குப் பின்னால் அவள் அவரை போட்டு, கொடிக்குக் கயிறும் கட்டிவிட்டாள்.

தினமும் காலையில் தினை, பழுத்த வாழை, கொய்யாத் துண்டு என்று பட்டியல்படி தட்டை நிரப்புவாள். பறவைகள் சுற்றியுள்ள மரங்களில் வந்து உட்காரும். பச்சை, மஞ்சள், செம்பு, நீலம் என்று யாரோ சாயத் துணியைக் கிளை கிளையாக உலர்த்தியதுபோல் இருக்கும். உட்கார்ந்து தட்டைப் பார்க்கும். கொளஞ்சியம்மாளைப் பார்க்கும். போய்விடும்.

அவள் தூணுக்குப் பின்னால் ஒளிந்து பார்த்தாள். தனக்குப் பதிலாகப் புருஷனைத் தீனி வைக்கச் சொன்னாள். புடவையை மாற்றி, முக்காடு போட்டுக்கொண்டும் வந்தாள். பறவை வருகைப் பதிவேட்டில் நாள் தவறாமல் ‘வரவில்லை’ என்றே எழுத வேண்டியிருந்தது.

கள்ளக்குறிச்சி அலுவலகம் சும்மா இருக்கவில்லை. பறவைகள் வராமைக்கு மூன்று நாளில் விளக்கம் கேட்டது. ஒரு நிபுணர் வந்து தட்டின் நிறம் சரியில்லை என்றார், பச்சை அடித்தார்கள். இன்னொரு நிபுணர் வந்து நிறம் சரிதான், பச்சைதான் சரியில்லை என்றார், நீலம் அடித்தார்கள். பெயிண்ட் வாடைக்குக் குரங்குகூட வரவில்லை. பிறகு ஒலிபெருக்கி வைத்து, பறவைக் குரலில் பறவைகளை அழைத்தார்கள். அதைக் கேட்டு மலைக்கிராமத்திலிருந்து இரண்டு பேர் வந்து, எங்கே கல்யாணம் என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

பார்வையாளர்களும் வரவில்லை. அனுமதி இலவசம், இருக்கை இலவசம், மோர் இலவசம் என்று வாசலில் எழுதிப்போட்ட பிறகு கொஞ்சம் பேர் வந்துகொண்டிருந்ததும் நின்றுபோனது. எப்போதாவது வருகிற கேமராக்காரர்கள் ஒருவரை ஒருவர் படம் பிடித்துக்கொண்டு, அமைதி அற்புதமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்கள்.

மார்கழி பிறந்தது. வியாழக்கிழமை சென்னையிலிருந்து இயக்குநர் ஆய்வுக்கு வருகிறார் என்று கடிதம் வந்தது. திங்கள் அன்றே கரும்பு மேஸ்திரி ஆள் அனுப்பி, லாரியில் இடம் போட்டு வைக்கவா என்று கேட்டான். அவரை பூத்திருந்தது. கொளஞ்சியம்மாள் தினைக் கூடையைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு நடந்தாள்.

அங்கே ஒரு கிழட்டுக் குரங்கு நாலாவது தட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பழத்தை உரித்துக்கொண்டிருந்தது. அவளுக்கு எங்கிருந்துதான் அத்தனை ஆத்திரம் வந்ததோ. காலியாகக் கிடந்த எண்ணெய் டின்னை எடுத்துத் தட்டி, பதினோரு வருஷத்துப் பழக்கத்தில் அடிவயிற்றிலிருந்து குரல் கொடுத்தாள். “ஏ... ஓய்! போ அந்தாண்ட! யார் வூட்டு சொத்துனு வந்து குந்திக்கினு இருக்கிற!”

குரங்கு போய்விட்டது. பறவைகள் வந்துவிட்டன.

முதலில் பச்சைக்கிளிகள் கூட்டமாக இறங்கின. பின்னாலேயே சில்லைகள், சின்னான்கள், குக்குறுவான், தகதகவென்று இரண்டு மாங்குயில், பச்சைப்புறா. அவள் பயந்துபோய்த் தட்டுவதை நிறுத்தினாள். எல்லாம் எழும்பி மரத்துக்குப் போயின. மறுபடி தட்டினாள். திபுதிபுவென்று இறங்கின. விரட்ட விரட்ட ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு தின்றன.

“இதுல இன்னா அதிசயம்?” என்றாள் அவள், வாயைப் பிளந்து நின்ற பாவாடையிடம். “சும்மா வெச்சா, இதுல இன்னாவோ கோளாறு இருக்குதுனு நெனைக்குது. காவல் போட்டா, உள்ள நல்ல சரக்கு இருக்குதுனு நெனைக்குது. பதினோரு வருஷமா நான் தான்யா அதுங்களுக்கு அடையாளம். என் சத்தத்த கேட்டுத்தான் எது நல்ல கொல்லைனே கண்டுபுடிச்சி இருக்குதுங்க.”

அந்த ஊர்ப் பறவைகள் இந்த மலைக்கு எப்படி வந்தன என்று பாவாடை கேட்கவில்லை. அவனுக்கும் லாரி ஏற விருப்பமில்லை.

புதன்கிழமை முன்னேற்பாடு பார்க்க வந்த சுப்புராயன் வாசலிலேயே திகைத்து நின்றார். தீனிமேடையில் தீனி வைக்கிறவளே டின்னைத் தட்டி விரட்டிக்கொண்டிருந்தாள். நிறுத்தச் சொன்னார். நிறுத்தினாள். மேடை காலி. தட்டச் சொன்னார். தட்டினாள். மேடை நிறைந்தது. நிறுத்தவும் தட்டவுமாக நாலு தடவை செய்து பார்த்துவிட்டு, உண்மையை ஏற்பதற்கு முன்னால் அதற்கு ஒரு பெயர் வேண்டும் என்று ஜீப்பில் போய் உட்கார்ந்தார். ஒரு மணி நேரத்தில் கோப்பு தயாரானது. ‘எதிர்மறை ஒலியழைப்பின் வழி நேர்மறை வருகையை உறுதிசெய்தல்.’

வியாழனன்று இயக்குநர் செந்தமிழ்ச்செல்வி வந்தார். காட்டு நிறச் சேலை, கழுத்தில் கேமரா. கொளஞ்சியம்மாள் விரட்டினாள், வானவில் இறங்கித் தினை கொறித்தது. இயக்குநர் கேமராவை இறக்கினார்.

“ஏம்மா துரத்துறீங்க?”

“வரட்டும்னுதாங்க மேடம்.”

“கூப்பிட்டா வராதா?”

“கூப்ட்டா நம்ம மேல சந்தேகம் வந்துடுதுங்க.”

இயக்குநர் இதைக் குறித்துக்கொண்டார். காலி நாற்காலிகளைக் காட்டி, மக்கள் ஏன் வருவதில்லை என்று சுப்புராயனைக் கேட்டார். விழிப்புணர்வு போதவில்லை என்றார் அவர். கொளஞ்சியம்மாள் டின்னை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, ஆளுங்களையும் ஒருக்கா தொரத்திப் பாருங்களேன் மேடம் என்றாள்.

மறுநாள் இலவசப் பலகையை எடுத்துவிட்டு, ‘பொதுமக்கள் உள்ளே வரக்கூடாது’ என்று மாட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை மலையடிவாரத்துக் கச்சிராயபாளையம் வரைக்கும் வேன் வரிசை நின்றது. மதில் ஏறிக் குதித்துப் பார்த்தவர்கள் பஞ்சவர்ணக்கிளியைக் கண்ணால் கண்டதாகச் சத்தியம் செய்தார்கள். உள்ளே நுழைய சிபாரிசுக் கடிதம் கொண்டுவந்தவர்களில் பச்சை சரியில்லை என்று சொன்ன நிபுணரும் இருந்தார்.

தீனிமேடை தேறியது. வேலை நிரந்தரம் என்று ஆணையும் வந்தது. ஆனால் நிரந்தரப் பணி என்றால் முறைப்படி விளம்பரம் செய்து, விண்ணப்பித்தவர்களிலிருந்துதான் எடுக்க வேண்டும். சுப்புராயன் நல்ல மனுஷன். போட்டி வந்து கொளஞ்சியம்மாளுக்குக் கிடைக்காமல் போய்விடக் கூடாதே என்று, விளம்பரத்தின் அடியில் தம் கையால் ஒரு வரி சேர்த்தார்: ‘இப்பணிக்கு வேறு எவரும் விண்ணப்பிக்க வேண்டாம்.’

ஆறாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு விண்ணப்பம் வந்தது. பொறியாளர்கள் எழுநூறு பேர். விலங்கியலில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியவர்கள் நாலு பேர். தம் நிலத்தில் குருவி ஓட்டியதாக ராஜாம்பாள் முப்பத்தெட்டுப் பேருக்குச் சான்றிதழ் கொடுத்திருந்தாள். அவளுக்கு இருந்தது ஒரு காணி நிலம். தலைக்கு ஒரு குருவிகூட வந்திருக்காது.

நேர்காணல் நாளில் கொளஞ்சியம்மாள் முதல் பஸ்ஸில் மலையிறங்கிக் கள்ளக்குறிச்சிக்கு வந்தாள். அலுவலகக் கதவிலிருந்து எதிரே பஸ் நிலையம் வரைக்கும் வளைந்து வளைந்து வரிசை. அவள் எண் ஐயாயிரத்துச் சொச்சம். காவலர் கம்பை நீட்டி, தள்ளிப் போங்க, தள்ளிப் போங்க என்று கத்திக்கொண்டிருந்தார். அவர் தள்ளத் தள்ள, கடைக்குச் சாமான் வாங்க வந்தவர்களும் என்ன வேலை என்று கேட்காமலே வரிசையில் சேர்ந்தார்கள். பறவை பற்றி அவளுக்குத் தெரிந்த எதையும் அங்கே புதிதாக மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

அவள் காவலரிடம் போய், கொஞ்ச நேரம் டீ குடித்துவிட்டு வரச் சொன்னாள். அவருக்கும் அது தேவையாக இருந்தது. கொளஞ்சியம்மாள் படியில் ஏறி நின்று, இரண்டு கையையும் விரித்தாள்.

“வாங்க, வாங்க. இன்னாத்துக்கு வெயில்ல நின்னுக்கினு கீறீங்க? உள்ள வாங்க. எல்லாருக்கும் வேல இருக்குது. சர்டிபிகேட்டு கூட வாணாம். கூப்ட்டு கூப்ட்டு குடுக்கறாங்க!”

வரிசை நின்றது. முன்னால் நின்ற பொறியாளர் பின்னால் திரும்பிப் பார்த்தார். கூப்பிட்டா கொடுக்கிறார்கள்? ஆள் கிடைக்காத வேலைபோல. மலையில் காய்ச்சல் பரவியிருக்கிறதாம் என்று ஒருவர் சொன்னார். போன ஆள் திரும்பவே இல்லையாம் என்று அடுத்தவர் சொன்னார். அவள் இன்னும் அன்பாக, “வாம்மா, நீ வா கண்ணு” என்று ஒரு பெண்ணின் கையைப் பிடிக்கப் போனாள். அந்தப் பெண் கையை இழுத்துக்கொண்டு ஓடினாள். கால் மணி நேரத்தில் தெருவில் நாலைந்து செருப்பும் ஒரு தண்ணீர் பாட்டிலும் மிச்சம்.

கொளஞ்சியம்மாள் உள்ளே போனாள். சுப்புராயன் சிரித்த முகத்தோடு எழுந்து, நிரந்தரப் பணி ஆணையை இரண்டு கையாலும் நீட்டினார். “உனக்குத்தாம்மா. எடுத்துக்க. தாராளமா எடுத்துக்க.”

அவள் கையை நீட்டினாள். பாதியில் நிறுத்தினாள். காகிதத்தைப் பார்த்தாள், சுப்புராயனின் சிரிப்பைப் பார்த்தாள், மறுபடி காகிதத்தைப் பார்த்தாள். அரசாங்கத்தில் ஒருத்தர் எழுந்து நின்று சிரித்துக்கொண்டு ஒன்றைக் கொடுத்து அவள் கண்டதில்லை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

“ஏன் சார், இதுல இன்னாவோ இருக்குதா?”

சுப்புராயன் ஆறு மாசத்தில் முதல் தடவையாக அந்த நேரத்தின் தேவையைப் புரிந்துகொண்டார். சிரிப்பை விழுங்கினார். ஆணையை வெடுக்கென்று இழுத்து மேசை டிராயரில் போட்டு, சாவியைத் தேடினார். “வேணாம்னா போம்மா. வெளிய ஆறாயிரம் பேர் நிக்கிறாங்க.”

கொளஞ்சியம்மாள் மேசைமேல் ஒரு முட்டியை ஊன்றித் தாவினாள். டிராயரில் கையை விட்டுக் காகிதத்தைப் பிடுங்கினாள். அவர் பேனாவையும் பிடுங்கினாள். ஒரு வரிகூடப் படிக்காமல், இருந்த இடமெல்லாம் கையெழுத்துப் போட்டாள்.

கலைந்து போய்ப் பஸ் நிலையத்தில் பஸ்ஸுக்காக நின்ற ஆறாயிரம் பேரும் திறந்த ஜன்னல் வழியாக இதைப் பார்த்தார்கள்.

“கதவச் சாத்துய்யா!” என்று சுப்புராயன் கத்தினார். அதுதான் அவர் செய்த தவறு.