வேங்கையார் போட்ட துண்டு

ஒரு காட்டில், அதாவது அடுக்குமாடிகள் முளைத்து மூச்சுமுட்ட அடர்ந்துபோன காட்டில்தான் ஐயா, செங்கமலம் என்றொரு எருமை இருந்தாள். ஒற்றை அறை வீடு. அதற்குள் மாமனார், மாமியார், கொழுந்தன், கன்றுகள், போதாததற்கு ஓயாத டிவி. ஊரில் அம்மா செத்து ஒரு மாதமாகியும் அவளால் மனசாற அழ முடியவில்லை. கண் கலங்கினால் போதும், "விளக்கு வைக்கிற நேரத்துல என்னடி ஒப்பாரி?" என்பாள் மாமியார். குளியலறைக்குள் போனால் கொழுந்தன் கதவைத் தட்டுவான்.

ஒருநாள் சாயந்திரம், கொத்தமல்லி வாங்கப் போவதாகப் பொய் சொல்லிவிட்டு, அழுவதற்காகத் தெருக்கோடிப் பூங்காவுக்குப் போனாள்.

பூங்கா என்றால் பெரிசாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நாலு செடி, எட்டுப் போட்டு நடக்க ஒரு பாதை, வேப்பமரத்தடியில் ஒரே ஒரு பெஞ்சு. பாதையில் நெரிசல். பெஞ்சு மட்டும் காலி. அதன்மேல் ஒரு பச்சைத் துண்டு கிடந்தது. செங்கமலம் உட்காரப் போனாள்.

"ஏம்மா, கண்ணு தெரியலையா? துண்டு போட்டிருக்குல்ல!" என்று காவல்கார நரி விசிலோடு ஓடிவந்தது.

"யாரோடதுங்க?"

"வேங்கையாரோடது. காட்டையே ஆட்டிவெச்சவரு."

"எப்ப வருவாரு?"

"எங்க வர்றது? செத்து ரெண்டு வருஷமாச்சு."

"அப்போ துண்டு?"

"துண்டு நல்லாத்தானே இருக்கு! வாராவாரம் துவைச்சுப் போடறோம்."

"பின்னே? மரியாதைன்னு ஒண்ணு வேணாமா?" என்றது, மூட்டுவலியோடு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு கிழ ஆடு. அடக் கொடுமையே!

செங்கமலம் அந்தத் துண்டையே பார்த்தாள். செத்துப்போன புலிக்கு ஒரு பெஞ்சு. செத்துப்போன தாய்க்காக அழ இவளுக்கு ஒரு மூலை கிடையாது. தாங்க முடியவில்லை. தொப்பென்று துண்டின்மேலேயே விழுந்து, "ஐயோ, என்னை விட்டுட்டுப் போயிட்டியே!" என்று ஓவென்று அழுதாள்.

நரி விசிலை வாயிலிருந்து எடுத்தது. "எவ்வளவு உரிமையா அழறாங்க பாரு! வேங்கையாருக்கு ரொம்ப வேண்டப்பட்டவங்க போல" என்று கிசுகிசுத்தது. நடந்துகொண்டிருந்த கூட்டம் வாலைச் சுருட்டிக்கொண்டு அடக்கமாக நின்றது. ஒரு முயல் தண்ணீர் பாட்டிலை நீட்டியது.

"அவருக்கில்லைங்க, எங்கம்மா..." என்று சொல்ல வாயெடுத்தாள் செங்கமலம். சுற்றுமுற்றும் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். வேங்கையாரின் துண்டில் மூக்கைச் சிந்திவிட்டு, அம்மாவை நினைத்து ஆசைதீர இன்னொரு பாட்டம் அழுதாள். பூட்டுகிற நேரம் தாண்டியும் அவளை யாரும் எழுப்பவில்லை.

நீதி: பெற்ற தாய்க்காக அழ வேண்டுமென்றால், செத்துப்போன பெரிய புள்ளி ஒருவரை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.