சேலத்துக் கடல்காற்று

கடலே இல்லாத ஊரில் கடல்காற்றோடு போரிட்டு வென்ற மாவீரர் ஒருவர் இப்பூவுலகில் உண்டென்றால், அவர் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் வாழ்ந்த சென்னிமலைதான். பயிர்க் காவல் துப்பாக்கி இலாகாவின் மாவட்டக் கிடங்குக்கு அவர் பொறுப்பதிகாரி. காட்டுப்பன்றிகள் புகுந்து கிழங்கையும் நிலக்கடலையையும் தோண்டித் தின்கிற ஊர்களில், சுடத் தெரிந்தவர்களுக்கு ரைபிள் இரவல் கொடுப்பதற்காக அரசு உண்டாக்கிய இலாகா அது. அந்தச் சில்லறை வேலையிலிருந்து அதை மீட்டு உன்னத நிலைக்கு உயர்த்தியவர் அவர்.

எழுபத்தைந்தாம் வருடக் கோடை. கிணற்றில் விட்ட வாளி தரையில் முட்டிச் சத்தம் போட்ட கோடை. அப்போது சென்னைத் தலைமையகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. கடலோர ஈரக்காற்றில் உப்பு இருக்கிறது. உப்பு இரும்பைத் தின்கிறது. ஆகவே கடல் பக்கத்து ஜன்னல்களை அடையுங்கள், ரைபிள் குழாயில் கிரீஸ் நிரப்புங்கள், வெறுங்கையால் தொடாதீர்கள் என்றது அது. நாகப்பட்டினத்துக்கும் தூத்துக்குடிக்கும் எழுதப்பட்டது. தட்டச்சு செய்தவர் கைப்பழக்கத்தில் ‘அனைத்துக் கிடங்குகளுக்கும்’ என்று தலைப்பில் அடித்துவிட்டார்.

சாமானியர் யாராவது இதைப் படித்திருந்தால் ‘இது நமக்கில்லை’ என்று மடித்து வைத்திருப்பார். சென்னிமலை உடனே ஆலோசனைக் கூட்டம் கூட்டினார். கூட்டத்துக்கு அவரும், கிடங்குக் காப்பாளர் மயில்சாமியும் திரளாக வந்திருந்தார்கள்.

“கடலு எந்தப் பக்கமுங்க இருக்குது?” என்று மயில்சாமி கேட்டார்.

“கெழக்கால வங்காள விரிகுடா.”

“அப்ப கெழக்கு ஜன்னலை மட்டும் அடைச்சுப் போடலாமுங்களா?”

“மேக்கால அரபிக்கடல் இருக்குதே, அதை உன்ற மாமனா வந்து தடுப்பான்? தெக்கால இந்துமாக்கடல்.”

“வடக்கால கடல் இல்லீங்களே.”

சென்னிமலை இரக்கத்தோடு சிரித்தார். “வடக்கால ஏற்காட்டு மலை. மேகம் எங்க வந்து உக்காருது? அங்க. மேகம் எங்கிருந்து வருது?”

“கடல்ல இருந்துங்க.”

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. நான்கு பக்க ஜன்னல்களையும் செங்கல் வைத்துப் பூசினார்கள். மின்விசிறி காற்றை ‘நடமாட’ விடும் குற்றத்துக்காகக் கழற்றப்பட்டது. கிடங்கு செங்கல் சூளையானது. உள்ளே வேலை செய்த மயில்சாமியின் பனியனைப் பிழிந்தால் ஒரு சொம்பு நிறையும். மூன்றாம் நாள், சுவரில் மாட்டியிருந்த ஈரமானியின் முள், வாங்கிய நாளிலிருந்து முதன்முறையாக அசைந்து மேலே ஏறியது.

“பாத்தயா மயில்சாமி! கடல்காத்து உள்ள பூந்துருச்சு!”

“அது என்ற வேர்வைங்க.”

“வேர்வையில என்ன இருக்குது?”

“உப்புங்க.”

“கடல்ல?”

மயில்சாமி பனியனைப் பிழியப் போனார். விஞ்ஞானம் அப்படித்தான், வாயை அடைத்துவிடும்.

அடுத்து கிரீஸ். ஒவ்வொரு ரைபிளின் குழாயிலும் வாய்வரை கிரீஸ் திணித்து, மெழுகுத்தாளில் சுற்றி, பெட்டியில் வைத்து அரக்கு முத்திரை போட்டார்கள். முத்திரையை உடைக்க சென்னையிலிருந்து டைரக்டரின் உத்தரவு வேண்டும் என்று ஒரு விதியைச் சென்னிமலையே கேட்டு வாங்கிக்கொண்டார். அதன் பிறகு அந்த ரைபிள்களைத் துரு நெருங்க முடியாது. தோட்டாவும் நெருங்க முடியாது. அன்று இரவு அவர் பெண்டாட்டியிடம், “இனி எனக்குச் சாவு வந்தாலும் கவலையில்லை” என்று சொல்லி நிம்மதியாகத் தூங்கினார்.

இந்த நிம்மதியில்தான் நாமகிரிப்பேட்டையிலிருந்து பொன்னாத்தாள் வந்து சேர்ந்தார். சொந்தமாகக் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, விளையும் காடு வைத்து, புருசன் போன பிறகு தனியாகப் பண்ணையம் பார்க்கிற அம்மாள்.

“ஏனுங்க, பன்னி வந்து பாதிக் காட்டை உழுது போட்டுருச்சுங்க. எங்க காவலாளு சென்றாயன் பட்டாளத்துல இருந்தவனுங்க. ஒரு ரைபிள் குடுத்தீங்கன்னா பாத்துக்குவான்.”

“அவருக்குக் கை வேர்க்குமா?” என்று கேட்டார் சென்னிமலை.

பொன்னாத்தாளுக்குக் காதில் விழுந்தது சரிதானா என்று சந்தேகம். “என்னங்க?”

“உள்ளங்கைங்க. வேர்த்துச்சுன்னா உப்பு. உப்புப் பட்டா துரு. இலாகா விதிப்படி வேர்க்காத கைக்குத்தான் ரைபிள்.”

பொன்னாத்தாள் தன் இரு கைகளையும் விரித்துப் பார்த்தார். “வேர்க்காத கை காட்டுல எங்கீங்க இருக்கும்? ஆபீசுலதான் இருக்கும்.”

அதைச் சென்னிமலை பாராட்டாக எடுத்துக்கொண்டார். மோர் கொடுத்து, பன்றி விரட்டத் தகர டப்பாவின் பெருமைகளை எடுத்துச் சொல்லி அனுப்பினார்.

பத்துப் பதினைந்து நாளில் அம்மாள் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை உட்காரவில்லை. பெரிய கொம்பன் பன்றி ஒன்று சென்றாயனைத் துரத்தியதாம். வேப்பமரத்தில் ஏறித் தப்பித்தானாம். “அடுத்த தடவை மரம் பக்கத்துல இருக்குமான்னு தெரியலீங்க. அவனுக்கு ரெண்டு பொட்டப்புள்ளைங்க. நான் காடு போனாப் போகுதுன்னுதான் சொல்றேன், அவன் கேக்க மாட்டேங்கறான்” என்றார்.

மயில்சாமி மெதுவாகச் சொன்னார்: “ஒரு பெட்டியைத் தொறந்து தொடைச்சுக் குடுத்துரலாமுங்க. ஒரு மணி நேர வேலை.”

சென்னிமலைக்கு மனம் இல்லாமல் இல்லை. கை தானாக இடுப்புச் சாவிக்குப் போனது. சாவியைத் தொட்டும் விட்டது. ஆனால் அடுத்த மாதம் இங்கே விழா, டைரக்டர் நேரில் வருகிறார். மாநிலத்திலேயே சிறந்த கிடங்குக்குக் கேடயம். கேடயத்தோடு சென்னைக்குப் பதவி உயர்வு. முத்திரை உடைந்த ஒரு பெட்டி, மண்ணும் வேர்வையும் பட்ட ஒரு ரைபிள் அதையெல்லாம் கெடுத்துவிடாதா?

“விழா முடியட்டுங்க அம்மா. மறுநாளே எழுதிப் போடறேன்” என்றார். சாவியிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

விழா நாள் வந்தது. பந்தல், தோரணம், ஒலிபெருக்கி. நிகழ்ச்சி நிரலில் ‘பயனாளி பேச்சு’ என்று ஓர் இடம் இருந்தது. கிடங்கு தொடங்கிய நாளிலிருந்து பயனடைந்தவர் யாருமில்லை என்பதால், இரண்டு தடவை வந்துபோன பொன்னாத்தாளையே பயனாளியாக நியமித்து, காலையில் ஜீப் அனுப்பிக் கூட்டிவரச் செய்தார் சென்னிமலை. ஜீப் ஓட்டுநர் இறங்கி வந்து காதருகே ஏதோ சொல்லப் பார்த்தார். சென்னிமலைக்கு மாலைகளை அளவு பார்க்கிற அவசரம். அப்புறம் என்று கையமர்த்திவிட்டார்.

டைரக்டர் பெட்டிகளைத் திறக்கச் சொன்னார். வெள்ளைத் துணியால் ஒவ்வொரு ரைபிளையும் துடைத்துப் பார்த்து, துணியைக் கூட்டத்துக்கு உயர்த்திக் காட்டினார். “ஒரு பொட்டுத் துரு கிடையாது! கடலோரக் கிடங்குகள் சேலத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும்!” கைதட்டல் ஓய நேரமாயிற்று. சென்னிமலைக்குக் கண் கலங்கியது.

பயனாளியை அழைத்தார்கள். பொன்னாத்தாள் மைக்குக்கு முன்னால் வந்து கும்பிட்டார்.

“ரைபிள் நல்லாத்தானுங்க இருக்குது. எங்காட்டுக் காவலாளு சென்றாயனுக்காவ ரெண்டு தடவை கேட்டு வந்தனுங்க. விழா முடியட்டும்னாரு. முந்தாநேத்துப் பன்னி அவன் வகுத்தைக் கிழிச்சுப் போட்டுதுங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுட்டு வர்ற வழியிலயே போயிட்டான். கையில தகர டப்பாத்தான் இருந்துச்சு. நேத்துத்தான் எரிச்சோம்.”

பொன்னாத்தாள் திறந்திருந்த ரைபிள் பெட்டிகள் பக்கம் கைநீட்டினார்.

“துப்பாக்கிக்கு ஒரு சேதாரமில்லீங்க. பன்னிக்கும் ஒரு சேதாரமில்லீங்க. ரெண்டையும் இவரு கண்ணாட்டப் பாத்துக்கிட்டாரு. அதைச் சொல்லத்தான் ஜீப்புல ஏறுனனுங்க.”

டைரக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நிகழ்ச்சி நிரலில் அடுத்தது எதுவோ அதைப் படித்தார்: “இப்போது சென்னிமலை அவர்களுக்குக் கேடயம்.”

பொன்னாத்தாள் இன்னும் மைக்கின் அருகிலேயே நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மயில்சாமி பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு தலைகுனிந்திருந்தார். மனசாட்சியுள்ள பலவீனர் யாராவது அந்த இடத்தில் இருந்திருந்தால் மேடையை விட்டு இறங்கிப் போயிருப்பார்.

சென்னிமலை எழுந்து, சட்டையைச் சரிசெய்துகொண்டு, அந்த அம்மாளைச் சுற்றிக்கொண்டு போய், கேடயத்தை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.