சாம்பார் வேணுங்களா?

கருத்து சொல்கிறவனால் யாருக்கும் கெடுதல் கிடையாது, அவனிடம் ஒரு பொறுப்பைக் கொடுக்காத வரைக்கும். என்னிடம் கொடுத்துவிட்டார்கள்.

தஞ்சாவூரில் ஓர் அலுவலகத்தில் பகலெல்லாம் குப்பை கொட்டிவிட்டு, சாயங்காலமானால் சமுதாயத்தைத் திருத்துவது என் வழக்கம். திருத்துகிற இடம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழு. பிளக்ஸ் பேனர், பிள்ளைகள் கையில் செல்போன், வாய்க்காலில் பிளாஸ்டிக் என்று எதையும் நான் விட்டுவைத்ததில்லை. (யாராவது படித்தார்களா என்று கேட்காதீர்கள். கும்பிடும் கை படம் மட்டும் தவறாமல் வரும்.) இதில் உச்சம், கல்யாண விருந்துகளில் சாப்பாடு வீணாவதைப் பற்றி நான் எழுதியது. நெல் விளைகிற மண்ணில் பிறந்த நாமே சோற்றை இலையோடு சுருட்டிக் கொட்டலாமா என்று முடித்திருந்தேன். படித்துப் பார்த்தபோது எனக்கே கண் கலங்கியது. நாற்றுக்கும் கோரைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாது என்பது வேறு விஷயம்.

அதைப் படித்த ஒரே ஆள் குத்தாலத்தில் இருக்கும் என் அத்தான். அப்போது அக்கா மகள் மதுமிதாவுக்கு நிச்சயதார்த்த ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. ஜாதகம், உயரம், சம்பளம் என்று ஒவ்வொன்றிலும் தட்டித் தட்டிப் போய், கடைசியில் ஒரத்தநாட்டில் நல்ல இடம் அமைந்திருந்தது. பையனும் பெண்ணும் ஒருவரை ஒருவருக்குப் பிடித்துப்போய்ப் பேச ஆரம்பித்திருந்தார்கள். அக்கா எல்லோரிடமும் ஒன்றுதான் கேட்டுக்கொண்டாள்: "தட்டு மாத்துற வரைக்கும் யாரும் எந்தக் கோளாறும் பண்ணிடாதீங்க."

அத்தான் என்னைப் பார்த்தார். "நீதான் எழுதிட்டே இருக்கியேப்பா. பந்திய நீயே பாத்துக்க."

கும்பகோணத்தில் மண்டபம். வியாழக்கிழமை. ஒன்றரைக்கு ராகு காலம் பிறந்துவிடும் என்பதால் சாப்பாட்டை முதலில் முடித்துவிட்டு, மூன்று மணிக்கு மேல் தட்டு மாற்றுவதாக ஏற்பாடு. பந்தி ஆரம்பிக்கும் முன் நான் பரிமாறுகிறவர்களை ஒன்றாக நிறுத்தி ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினேன். சாரம் இதுதான்: முதல் கரண்டிச் சோற்றைத் தவிர, கேட்காமல் எதையும் இலையில் வைக்கக் கூடாது. வேணும் என்றால் வை, வேண்டாம் என்றால் நகரு.

"வற்புறுத்த வேணாமா சார்?" என்றார் சமையல் காண்டிராக்டர்.

"கூடவே கூடாது."

"உங்கள மாதிரி எல்லா மண்டபத்துலயும் ஒருத்தர் இருந்தா எங்க பசங்களுக்கு இடுப்பு வலியே வராது சார்" என்றார் அவர். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் பந்தியில் மாப்பிள்ளை வீட்டார். நடு நாயகமாக மாப்பிள்ளையின் பெரியப்பா. ரைஸ் மில் வைத்திருப்பவர். அந்த வீட்டில் அவர் தலையசைத்தால்தான் காரியம் நடக்கும். எதிர் வரிசையில் அவருக்கு நேராகப் பெரியம்மா.

எங்கள் பக்கத்தில் பிறந்த ஒருவன் மறக்கக் கூடாத ஒன்றை நான் மறந்திருந்தேன். விருந்தில் உட்கார்ந்தவர் தன் வாயால் "வேணும்" என்று சொல்ல மாட்டார். "இருக்கட்டும்" என்றால் ஒரு கரண்டி. "போதும்" என்றால் இரண்டு கரண்டி. இலைக்கு மேல் கையை நீட்டித் தடுத்தால், விரல் சந்தில் ஊற்ற வேண்டும். இது எனக்குத் தெரியாததல்ல. நானே ஆயுள் முழுக்க அப்படித்தான் சாப்பிட்டிருக்கிறேன். ஆனால் கொள்கை என்று ஒன்று வந்துவிட்டால் தெரிந்ததெல்லாம் போய்விடுகிறது.

"சாம்பார் வேணுங்களா?"

"இருக்கட்டும்" என்றார் பெரியப்பா. பையன் நகர்ந்துவிட்டான்.

"கூட்டு வேணுங்களா?"

"பரவால்ல." கூட்டு போய்விட்டது.

வரிசை முழுக்க இதே கதைதான். அந்த ஒரு கரண்டி வெறும் சோற்றை ஆளாளுக்குப் பிசைந்துகொண்டிருந்தார்கள். மண்டபமே அமைதியாக இருந்தது. நாகரிகமான கூட்டம், சத்தமில்லாமல் சாப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். கடைசியில் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு இலையும் துடைத்த மாதிரி இருக்கிறது. (வைத்தால்தானே மிஞ்சும். இது எனக்குச் சாயங்காலம்தான் உறைத்தது.) உணர்ச்சிவசப்பட்டு ஒரு போட்டோ எடுத்து, இரண்டு வீட்டாரும் இருந்த புதுக் குழுவில் போட்டேன்: "மாப்பிள்ளை வீட்டார் இலைகள். ஒரு பருக்கை வீணில்லை."

படத்தின் நடுவில் பெரியப்பா, காலி இலையைப் பார்த்தபடி.

மாடியில் இரண்டாம் பந்திக்குக் காத்திருந்த அந்த வீட்டுப் பெண்கள் அதைப் பார்த்தார்கள். "நம்மாளுங்களுக்குச் சோறு போடாம போட்டோவும் எடுத்துப் போட்டிருக்காங்கடி" என்று ஒரு குரல் கீழே எங்களுக்கே கேட்டது. அதே நேரம் பெரியப்பா எழுந்து கை கழுவினார். நேராக வெளியே போய் எதிரிலிருந்த ஓட்டலில் உட்கார்ந்து ஒரு சாப்பாடு சொன்னார். பின்னாலேயே மொத்தப் பந்தியும் ரோட்டைக் கடந்தது.

அக்கா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தட்டுகள் மேடையில் அப்படியே இருந்தன. மதுமிதா வந்து என்னிடம் மெதுவாக, "மாமா, உங்களுக்கு என்மேல ஏதாவது கோவமா?" என்றாள்.

அத்தான் என்னை இழுத்துக்கொண்டு ஓட்டலுக்குப் போனார். நான் பெரியப்பா முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். "உணவு விரயம் என்பது ஒரு உலகளாவிய..." என்று ஆரம்பித்தேன். அத்தான் என் காலை மிதித்தார்.

பெரியப்பா கையைக் காட்டி நிறுத்தினார். "தம்பி, சாம்பார விடுங்க. கூட்ட விடுங்க. பாயசம் இருக்குல்ல பாயசம்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எனக்கு சுகர். வீட்ல கண்ணுல காட்ட மாட்டா. இந்த மாதிரி விசேஷத்துலதான், நான் வேணாம் வேணாம்னுவேன், அவங்க ஊத்திட்டாங்கம்பேன், அவளும் ஒண்ணும் சொல்ல முடியாது. உங்காளு என்னடான்னா அவ மூஞ்சிக்கு எதிர்லயே நின்னு, ஊருக்கே கேக்குற மாதிரி, பாயசம் வேணுங்களாங்கிறான். நான் என்னன்னு சொல்றது?"

அத்தான் ஒரு கணம் யோசித்தார். பிறகு என்னிடம், "போய் எடுத்துட்டு வா" என்றார்.

பட்டுக்கரை வேட்டியும் கையில் பாயச வாளியுமாக நான் ரோட்டைக் கடந்தபோது ஒரு டவுன் பஸ் என் பக்கத்தில் பிரேக் போட்டது. "ஓரமாப் போங்க சார், நடுரோட்டுலயே பந்தி போட்டுருவீங்க போல" என்றார் கண்டக்டர். உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள்.

பெரியப்பா இலையில் ஊற்றினேன்.

"போதும்" என்றார்.

நான் நிறுத்திவிட்டேன்.

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்த பார்வையை இன்றைக்கும் என்னால் விவரிக்க முடியாது. அத்தான் வாளியைப் பிடுங்கி, "அட சும்மா சாப்பிடுங்க சம்பந்தி, எங்க வீட்டுப் பாயசம் ஒண்ணும் பண்ணாது" என்று கவிழ்த்தார். பெரியப்பா "ஐயய்யோ, சொன்னா கேக்குறீங்களா" என்று வாசல் பக்கம் உட்கார்ந்திருந்த பெரியம்மாவுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல்லிவிட்டு, நிம்மதியாக வழிக்க ஆரம்பித்தார்.

ராகு காலம் முடிந்து தட்டு மாற்றினார்கள். எங்கள் குடும்ப விசேஷம் எதிலும் அன்றைக்குப் போல அவ்வளவு சாப்பாடு மிஞ்சியதில்லை. அண்டா அண்டாவாக இருந்தது. ஊரில் இருந்த மாணவர் விடுதிகளுக்கெல்லாம் போன் போட்டுக் கெஞ்சிக் கொடுத்தோம். அதை மட்டும் நான் போட்டோ எடுக்கவில்லை.

என் கருத்தில் மாற்றமில்லை. சோற்றை வீணாக்குவது தப்புதான். ஆனால் இன்றுவரை எங்கள் சொந்தத்தில் எந்த வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தாலும், என் இலைக்கு முன்னால் மட்டும் பரிமாறுகிறவர் நின்றுவிடுவார். "சாம்பார் வேணுங்களா?" வரிசையே சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என் வாயைப் பார்க்கும். நான் "வேணும்" என்று உரக்கச் சொன்ன பிறகுதான் கரண்டி சாயும்.

போன தீபாவளிக்கு ஒரத்தநாட்டில் மதுமிதா வீட்டுக்குப் போயிருந்தேன். ஃபில்டரில் டிகாக்‌ஷன் இறங்கும் வாசனை, பெரியப்பாவும் நானும் உட்கார்ந்திருந்த கூடம் வரை வந்துகொண்டிருந்தது.

"காபி சாப்பிடுறீங்களா மாமா?"

"இருக்கட்டும்மா" என்றேன், பழக்க தோஷத்தில்.

"சரி மாமா" என்று உள்ளே போனாள். பெரியப்பாவுக்கு மட்டும் ஒரு டம்ளர் வந்தது.