ஏழாவது வரியில் ஒரு கிலோவாட்

"ஏழாவது வரியில் உங்களுக்கு ஆட்சேபம் ஏதாவது உண்டா, ஹெர் ராகவேந்திரன்?"

தலைமையாசிரியை இப்படிக் கேட்டபோது ராகவேந்திரனுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. பயத்தால் அல்ல, சந்தோஷத்தால். ஐம்பது நிமிடமாக நடந்துகொண்டிருந்த அந்தக் கூட்டத்தில் அவருக்கு முதன்முதலாகப் புரிந்த வரி அதுதான்.

பெற்றோர் பிரதிநிதியாக வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டதே இல்லை. செப்டம்பரில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் வகுப்பாசிரியை ஏதோ கேட்டார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிறார் என நினைத்துக் கையைத் தூக்கினார். வேறு யாரும் தூக்கவில்லை. எல்லோரும் நிம்மதிப் பெருமூச்சோடு விரல் முட்டியால் மேசையைத் தட்டினார்கள். இங்கே அதுதான் கைத்தட்டல்.

அன்று தொடங்கியது வினை. இப்போது எதிரே கிடந்தது, அடுத்த ஆண்டுக்குப் பள்ளியில் என்னென்ன செலவு, எத்தனை பணியாளர்கள் என்று நகராட்சி அனுப்பியிருந்த திட்டத்தாள். பெற்றோர் தரப்பின் கருத்தையும் கேட்டுத் திருப்பி அனுப்ப வேண்டுமாம். தாளில் சொற்களே இல்லை, எல்லாம் சுருக்கெழுத்து. ஒரு வரி BuT என்று தொடங்கியது. 'ஆனால்' என்ன என்று அவர் தேடிப் பார்த்தார். வாக்கியம் அதோடு முடிந்திருந்தது. வசதியில்லாத பிள்ளைகளுக்கான உதவித் திட்டம் அது என்று அவருக்கு யார் சொல்வது? அதற்கடுத்த வரியில் DaZ. ஜெர்மன் தெரியாதவர்களுக்கு ஜெர்மன் கற்றுத் தரும் திட்டம். அந்தக் கூட்டத்திலேயே அது யாருக்கு அவசரமாகத் தேவையோ, அவருக்குத்தான் அது என்னவென்று தெரியவில்லை.

ஆனால் ஏழாவது வரி வேறு. '7 – 1,0 – kw' என்று இருந்தது. சென்னையிலும் இப்போது எர்லாங்கனிலுமாகப் பதினாறு வருடமாக மின்மாற்றிகளோடு மல்லுக்கட்டும் மனிதருக்குக் கிலோவாட் தெரியாதா? W-வைப் பெரிய எழுத்தில் போட்டிருக்க வேண்டும். போகட்டும், குமாஸ்தா பிழை என்று மன்னித்துவிட்டார். ஏழாம் எண் அறைக்கு ஒரு ஹீட்டர். அவ்வளவுதானே!

"ஆட்சேபமே இல்லை" என்றார், முதுகை நிமிர்த்திக்கொண்டு. "இதை எப்போதோ செய்திருக்க வேண்டும். அடுத்த கல்வியாண்டு வரை ஏன் காத்திருக்கிறீர்கள்? குளிர் வருவதற்குள் முடித்துவிடுங்கள்."

தலைமையாசிரியையின் முகம் மலர்ந்தது.

"இத்தனை வருடத்தில் இவ்வளவு தெளிவாகப் பேசிய பெற்றோர் பிரதிநிதியை நான் பார்த்ததில்லை" என்றார். மேசைகள் தட்டப்பட்டன.

ராகவேந்திரன் சைக்கிளில் வீடு திரும்பும்போது கால்கள் தரையிலேயே படவில்லை.

வீட்டில் மனைவி ரமா போனில் ஞானமலர் அக்காவோடு பேசிக்கொண்டிருந்தாள். ஞானமலர் யாழ்ப்பாணத்துக்காரர். அக்கம்பக்கத்து ஊர் ஒன்றின் நகராட்சியில் பணியாளர் பிரிவில் இருபது வருடமாக வேலை. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பழக்கமானவர். ராகவேந்திரன் தன் வெற்றியைச் சொல்லச் சொல்ல, ரமா போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"தம்பி, கொஞ்சம் பொறுங்கோ. என்னெண்டு எழுதியிருந்தது? கா-வே எண்டே?"

"ஆமாக்கா, கிலோவாட்."

போனுக்குள் ஏதோ பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது.

"அக்கா, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கிறன். தம்பி, அது கரண்ட் இல்லை. 'குன்ஃப்டிக் வெக்ஃபாலண்ட்' எண்டு சொல்லுவினம். இனிமேல் இந்த வேலை இல்லை, இந்த இடத்தைத் தூக்குறம் எண்டு அர்த்தம். ஒண்டு தசம் சைபர் எண்டது ஒரு முழு ஆள்."

ராகவேந்திரன் சோபாவில் உட்கார்ந்தார். அங்கே சோபா இல்லை. மகள் மீராவின் ஸ்கூல் பைதான் இருந்தது.

"குளிர் வர்றதுக்குள்ள முடிச்சுடுங்கன்னு வேற சொல்லிட்டு வந்திருக்கீங்களே!" என்றாள் ரமா. "யாரு அந்த ஏழாவது ஆளு?"

பள்ளியின் இணையதளத்தைத் திறந்தார்கள். ஆசிரியர் அல்லாத பணியாளர்கள் என்று ஒரு பட்டியல். ராகவேந்திரன் விரல் வைத்து எண்ணினார். ஏழாவது பெயரைப் பார்த்ததும் ரமா வாயைப் பொத்திக்கொண்டாள்.

கொறற்றி.

அவரும் யாழ்ப்பாணத்துக்காரர்; மதியச் சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறுபவர், மாலை வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர். இரண்டு வருடத்துக்கு முன்பு சென்னையிலிருந்து வந்த புதிதில், ஒரு வார்த்தை ஜெர்மன் தெரியாமல் மீரா தினமும் தட்டின் முன்னால் அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்து, "இது உருளைக்கிழங்கு, இதுக்கு இஞ்ச கார்ட்டோஃபெல் எண்டு பேர்" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி ஊட்டியவர் கொறற்றிதான். மீராவின் ஜெர்மன் உருளைக்கிழங்கில் தொடங்கியது. அந்த அம்மாளின் வேலையைத்தான் அவர் குளிருக்கு முன்னால் தூக்கச் சொல்லியிருக்கிறார்!

"பதறாதேங்கோ" என்றார் ஞானமலர். "அந்தக் குறியைக் கோடு போட்டு அடிக்கச் சொல்லி உடனே ஒரு மெயில் போடுங்கோ."

ராகவேந்திரன் பதறாமல் இருப்பாரா? ஜெர்மனில் ஒரே வரி தட்டி அனுப்பிவிட்டார். "தயவுசெய்து ஏழாம் இடம் kw அடித்துவிடவும்."

மறுநாள் காலையிலேயே பதில் வந்துவிட்டது.

"உங்கள் உறுதி என்னை வியக்க வைக்கிறது. நீங்கள் கேட்டபடியே, ஏழாம் இடத்தை உடனடியாக அடித்துவிடுமாறு நகர்மன்றப் பள்ளிக் குழுவுக்கு எழுதிவிட்டேன். அவசரம் என்றும் குறித்திருக்கிறேன். வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்குக் கூட்டம். நான் இன்று நான்காம் வகுப்போடு மலைமுகாமுக்குக் கிளம்புகிறேன். அங்கே போன் எடுக்காது. நீங்களே நேரில் சென்று உங்கள் கருத்தை விளக்குங்கள்."

ரமா அதை இரண்டு முறை படித்தாள். பிறகு அவர் அனுப்பிய வரியைப் படித்தாள்.

"'kw குறியை'ன்னு ஒரே ஒரு வார்த்தை சேர்த்திருந்தா ஒரு குடும்பம் பிழைச்சிருக்கும்."

"சமாளிச்சுடலாம் ரமா."

"நீங்க இதுவரைக்கும் சமாளிச்சதே போதும்."

அன்று மீராவைக் கூட்டிவரும் முறை அவருடையது. கொறற்றியின் கண்ணில் படாமல் இருக்க, சைக்கிள் நிறுத்தத்தின் பின்னால் குனிந்து, அவிழாத ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, ஒளிச்சு நிண்டால் எனக்குத் தெரியாதே?"

எதிரே கொறற்றி. வெள்ளை ஏப்ரன், முகம் நிறையச் சிரிப்பு. கையில் ஒரு டப்பா.

"இந்தாங்கோ, ரோல்ஸ். மரக்கறிதான், மீன் போடேல்ல, பயப்பிடாதேங்கோ. மீரா இண்டைக்கு ரெண்டு தரம் சோறு கேட்டவ."

"எதுக்குக்கா இதெல்லாம்…"

"நீங்கள் பெற்றோர் பிரதிநிதியாய் வந்தது எங்களுக்குப் பெரிய பலம். நகரசபைக்கும் போறியளாம் எண்டு கேள்விப்பட்டன். எங்கட ஆக்களுக்காகவும் ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, என்ன?"

ராகவேந்திரன் டப்பாவை வாங்கிக்கொண்டார். எல்லாவற்றையும் சொல்லிக் காலில் விழுந்துவிடலாம் போலிருந்தது.

"அக்கா, அந்தக் கா…"

"என்ன தம்பி?"

"கா… காபி குடிக்கிறீங்களா?"

"பள்ளிக்கூட வாசலிலயோ?" என்று சிரித்துவிட்டு அவர் உள்ளே போய்விட்டார். டப்பா இன்னும் சூடாக இருந்தது. அந்தச் சூடு நேராக நெஞ்சைச் சுட்டது.

புதன்கிழமை முழுக்க உரை தயாரித்தார்கள். ஞானமலர் போனில் ஜெர்மன் திருத்தினார், ரமா எதிரே உட்கார்ந்து நகர்மன்றமாக நடித்தாள். கடைசியில் ஞானமலர் ஒரு எச்சரிக்கை செய்தார்.

"பேரை மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. டாட்டன்ஷுட்ஸ்! தனியாள் விபரத்தை வெளியில விட்டதெண்டு, அவவைக் காப்பாத்தப் போய் நீங்கள் மாட்டுப்படுவியள். ஏழாம் இடம், ஏழாம் இடம் எண்டு மட்டும் கதையுங்கோ. என்ன வேலை எண்டும் சொல்லாதேங்கோ, ஆளைக் கண்டுபிடிச்சிடுவினம்."

வியாழன் மாலை நான்கு மணி. நகர்மன்றத்தில் நீள மேசையைச் சுற்றி ஒன்பது பேர். தலைவர் ரொட்டிக்கடைக்காரர், மீசையில் இன்னும் மாவு ஒட்டியிருந்தது போலத் தோன்றியது. பணியாளர் பட்டியலை வைத்திருக்கும் அதிகாரி விடுப்பில் போயிருந்தார். எல்லோர் கையிலும் அதே சுருக்கெழுத்துத் தாள்.

"பதினான்காவது பொருள்" என்று தலைவர் படித்தார். "ஏழாம் இடத்தை உடனே நீக்கக் கோரி, பெற்றோர் தரப்பின் அவசர வேண்டுகோள். ஹெர் ராகவேந்திரன், இரண்டு நிமிடம்."

ராகவேந்திரன் எழுந்தார். சட்டைப்பையில் கைவிட்டார். கையில் வந்தது உரை அல்ல, துணி சலவைக்குக் கொடுத்த ரசீது.

பிறகு என்ன, மனதில் வந்ததைப் பேசினார். வேற்றுமை உருபெல்லாம் இடம் மாறின, ஆண்பால் பெண்பாலாயிற்று. யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"நான் தவறு செய்துவிட்டேன். ஏழாம் இடத்தை நீக்கக் கூடாது. தாளில் அது ஓர் எண். ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் இரண்டு கை இருக்கிறது. பாஷை தெரியாமல் வந்த என் மகளை அந்தக் கைதான் பிடித்துக் கரையேற்றியது. பிள்ளைகள் பத்திரமாக இருக்கிறார்கள் என்ற தைரியத்தில்தானே நாம் வேலைக்குப் போகிறோம்? யாரோ ஒருவர் கண் கொட்டாமல் அவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த ஒருவர் இல்லாவிட்டால் நம் பிள்ளைகள் தத்தளித்துப் போவார்கள். என்னைத் திட்டுங்கள். அந்த இடத்தை மட்டும் தொடாதீர்கள்."

உட்கார்ந்தார். கைக்குட்டையை வீட்டிலேயே மறந்திருந்தார், சலவை ரசீதால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் மூக்கைச் சிந்தினார். ஒருவர் தாளைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கமும் சுருக்கெழுத்துதான், திரும்ப வைத்துவிட்டார். பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ கேட்க வாயெடுத்தார், சுற்றிலும் எல்லோர் கண்ணும் கலங்கியிருப்பதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

"ஏழாம் இடத்தைக் காப்பவர்கள் கை உயர்த்தலாம்" என்றார் தலைவர்.

ஒன்பது கைகள்.

"ஒருமனதாக. குறி நீக்கப்படுகிறது. ஏழாம் இடம் இனி நிரந்தரம். அதற்கு வேண்டிய வசதிகளையும் பள்ளி உடனே செய்துதர வேண்டும் என்று சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்." அவரும் முட்டியால் மேசையைத் தட்டினார். பெரிய கை, மேசை அதிர்ந்தது.

வெளியே தூறிக்கொண்டிருந்தது. ராகவேந்திரன் மழைக்கோட்டைப் போட மறந்து சைக்கிளை மிதித்தார். சில நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த கிலோவாட் இறங்கிப் போயிருந்தது. வீட்டு வாசலில் ரமா நின்றாள். அவர் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"நிரந்தரம்!" என்றார்.

"நிஜமாவா?"

"ஒருமனதா. வசதியும் செஞ்சு தரச் சொல்லிட்டாங்க."

ரமா ஓடிப்போய் ஞானமலருக்குப் போன் போட்டாள். "கெட்டிக்காரன்!" என்று போனே அதிரும்படி ஒரு குரல் வந்தது. குற்ற உணர்வால் தொடப்படாமல் ஃப்ரிட்ஜில் கிடந்த ரோல்ஸை எடுத்துச் சுடவைத்து, மூன்று பேரும் உட்கார்ந்து ஒன்று மீதமில்லாமல் தின்றார்கள். அன்று அவர் எட்டு மணிக்கே படுத்துவிட்டார். சுருக்கெழுத்தில்லாத முழுத் தூக்கம்.

திங்கட்கிழமை மதியம் மீராவைக் கூட்டிவரப் போனார். இம்முறை ஒளியவில்லை. சாப்பாட்டுக் கூடத்து ஜன்னல் வழியே கொறற்றி அகப்பையை ஆட்டி, "வாறன் தம்பி, நில்லுங்கோ!" என்றார். அந்த அகப்பையைப் பார்த்தபோது ராகவேந்திரனுக்குக் கண் பனித்தது. இனி யாராலும் அதை அசைக்க முடியாது.

விளையாட்டு மைதானத்தில் பள்ளிக்கூடக் காப்பாளர் ஹெர் விட்மன் ஒரு நீளமான டேப்பை விரித்து அளந்து, நான்கு மூலையிலும் மரக்குச்சி அடித்துக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றி பிள்ளைகள் குதித்துக் கூத்தாடினார்கள். இந்தக் குளிரில் இவர்களுக்கு என்ன இத்தனை சந்தோஷம்?

"என்ன அளக்கிறீர்கள், ஹெர் விட்மன்?"

விட்மன் நிமிர்ந்து, தொப்பியைக் கழற்றி அவருக்கு வணக்கம் வைத்தார்.

"எல்லாம் உங்கள் பேச்சின் பலன்தான், ஹெர் ராகவேந்திரன். அந்த ஏழாம் இடம் நீச்சல் குளக் காவலர் வேலை. குளத்தை மண் போட்டு மூடி, அவரும் ஓய்வில் போய் ஒன்பது வருடமாகிறது. இப்போது வேலையை நிரந்தரமாக்கிவிட்டார்கள், அதனால் குளத்தைத் தோண்டியாக வேண்டும்."