தலையணை பைபுகு படலம்

வாழ்க, கடைவாய்ப் பற்களின் காலன். வாழ்க, ஈறுகளின் காவலன், ஊரார் வாயையெல்லாம் திறக்கச் சொல்லித் தன் வீட்டில் வாய் திறவாத பல் மருத்துவன். புல்லும் முளைக்க அஞ்சுகின்ற, மேகங்களே மூச்சு வாங்கி உட்கார்ந்து எழுகின்ற, ஆளரவமற்ற பெருமலைகளினூடே மிதிவண்டியில் நெடுந்தூரம் செல்லத் துணிந்த அம்மாவீரன், ஒரு விடுமுறைப் பிற்பகலில், படுக்கையறைத் தரையில் தலையணையொன்றோடு பொருத வெம்போரை இங்கே சொல்லப் புகுகின்றோம். கேட்போர் நெஞ்சு திடமாகுக.

அவன் மனையாள் பூகோள ஆசிரியை. சுவரில் தொங்கும் படத்து மலைகளைக் குச்சியால் தொட்டுக் காட்டியே கை சலித்தவள். ஒருமுறையேனும் அவற்றைச் சக்கரத்தால் தொடுவேன் எனச் சூளுரைத்தவள். எக்கணவாய் பனியால் அடைபடும், எவ்வோடையில் நீர் வற்றும், எங்கே கூடாரம் அடித்தால் காற்று தூக்கிக்கொண்டு போகாது என்பதையெல்லாம் உணவு மேசையில் வரைபடம் விரித்து, சாப்பாட்டுத் தட்டுகளை மடியில் வைத்துக்கொள்ளுமாறு கணவனைப் பணித்து, வகுத்து முடித்தபின் அவள் பிறப்பித்த ஆணை இது:

"ஆளுக்கு ரெண்டு பை. முன்னால ஒண்ணு, சீட்டுக்குப் பின்னால ஒண்ணு. அதுல அடங்காதது வீட்டுலயே இருக்கட்டும்."

ஆணைக்குத் தலை வணங்கினான் மருத்துவன். ஆயின் அத்தலைக்கு ஒரு தலையணை உண்டு. ஓரம் பழுப்பேறி, நடுவே குழிந்து, மணநாள் தொட்டு அவன் இடக்கன்னத்தின் வடிவறிந்த தலையணை. அஃதின்றி அவனுக்குத் துயிலில்லை; துயிலின்றி மலையேற்றமில்லை; மலையேற்றம் பாதியில் நின்றாலோ, ஆசிரியை அதை ஆயுளெல்லாம் சொல்லிக் காட்டுவாள். எனவே தலையணை வந்தே தீர வேண்டும். வருவது அவளுக்குத் தெரியவும் கூடாது.

அதற்கு இடம்விடும் பொருட்டு அவன் செய்த தியாகங்களை எந்நாவால் உரைப்போம்? மாற்றுச் சட்டையைத் துறந்தான். கரண்டியின் காம்பை ஒடித்தான். ஈற்றில், நாளும் நோயாளிகளிடம் எதன் பெருமையைப் பேசினானோ அந்தப் பல்துலக்கியையே எடுத்து, கண்களை மூடிக்கொண்டு, பிடியை அறுத்துக் கட்டைவிரலளவாக்கினான்.

பின்னர் மூண்டது போர். மதங்கொண்ட களிறென ஒருபுறம் அமுக்க மறுபுறம் புடைத்தெழுந்த தலையணையை, அவன் முழங்காலால் மிதித்தும் முழங்கையால் இடித்தும், மெத்தையின் விளிம்பில் நின்று அதன்மேல் அப்படியே விழுந்தும், வியர்வை ஆறாய்ப் பெருகப் பையின் வாய்க்குள் செலுத்தினான். எஞ்சியது ஜிப். அந்தோ, ஆயிரம் கோணற்பற்களை நிமிர்த்தியவன் முன்னே, இரும்புப்பல் நிரை இரண்டு நேர்பட மறுத்து இளித்தன.

சினந்தான் மருத்துவன். தொழிற்பெட்டி திறந்தான், நோயாளிகள் கனவிலும் கண்டு நடுங்கும் பல் பிடுங்கும் குறடொன்றை ஏந்தினான், ஜிப்பின் நாக்கைப் பற்றினான், தன் பணிவாழ்வின் பயிற்சி முழுவதையும் மணிக்கட்டில் திரட்டி ஒரே இழுப்பாக இழுத்தான். வலியின்றி, குருதியின்றி, வேரோடு கையில் வந்தது நாக்கு. பிளந்த வாய்வழியே தலையணை பெருமூச்சோடு வெளியேறிற்று.

அவ்வமயம் வாயிலில் தோன்றினாள் ஆசிரியை.

"இப்ப எதப் பிடுங்குனீங்க?"

"தலகாணி இல்லாம எனக்குத் தூக்கம் வராதுன்னு உனக்குத் தெரியும்ல" என்றான், கால்நூற்றாண்டில் முதன்முறையாக வாய் திறந்து.

இடியை எதிர்நோக்கிக் குனிந்து நின்றான். இடி விழவில்லை. அவள் மெல்ல நடந்து, மூலையில் சாத்தியிருந்த தன் சைக்கிளின் பையைத் திறந்தாள். அடுப்புக்கும் கயிற்றுச் சுருளுக்கும் அடியிலிருந்து, நசுங்கிய முகத்தோடு, பூப்போட்ட உறையணிந்த தலையணையொன்று வெளிப்பட்டது.

"நான் மட்டும் என்ன, கல்லுலயா தலை வெச்சுத் தூங்குறது?" என்றாள், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

சட்டமியற்றியவளும் சட்டத்தை மீறியவனும் ஒரே குற்றத்தால் ஒன்றுபட, தலையணைகள் இரண்டும் அரசனும் அரசியும் போலக் கட்டிலில் வீற்றிருக்க, தொலைவில் வானளாவிய மலைகள் அவ்விருவரின் வருகைக்காகப் பனிமுடி தரித்துக் காத்து நின்றன.

பிறகு கடைக்குப் போய்க் கொஞ்சம் பெரிய பைகளாகப் பார்த்து வாங்கி வந்தார்கள்.