டொலர் சாமியும் நானூறு ரூபாயும்

செவ்வாய்க்கிழமை என்றால் கண்டிக்குப் பக்கத்துக் கெலிஓயா சந்தியில் பஸ் நகராது. ஊரே டொலர் சாமியின் வாசலில்தான் நிற்கும். குவைத்திலும் டுபாயிலும் பாத்திரம் கழுவிச் சேர்த்த டொலரை எப்போது மாற்றினால் இலாபம் என்று சாமி கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். காணிக்கை ஐயாயிரம். அது மட்டும் ரூபாயில்.

சாமியின் பூர்வாசிரமத் தொழில் லொத்தர் சீட்டு விற்பது. விற்ற சீட்டில் ஒன்றுகூட அவருக்கு விழுந்ததில்லை என்பது வேறு கதை. இப்போது அவர் தலைக்கு மேல் டொலரின் வரலாறு படமாகத் தொங்குகிறது. 1977இல் பதினாறு ரூபாய்க்கு ஏறியது, 2022இல் சில வாரங்களில் இருநூறிலிருந்து முந்நூற்று அறுபதுக்குப் பாய்ந்தது, எல்லாவற்றுக்கும் குங்குமப் பொட்டு. அத்தனையும் சாமி முன்கூட்டியே கண்டவையாம்! 1977இல் சாமி பிறக்கவே இல்லையே என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

கலாராணிக்குத்தான் வயிறு எரிந்தது. அவள் மூன்று வருடம் குவைத்தில் மாடாய் உழைத்துக் கொண்டுவந்த டொலர் வீட்டில் கிடந்தது. மகள் நிலூஷாவின் தாதியர் படிப்புக்கென்று வைத்தது. வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்டாவிட்டால் இடம் போய்விடும். கணவன் மோகனராஜோ டொலரைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு அசைய மறுத்தான்.

"டொலர் நானூறுக்கு ஏறும்னு சாமி சொல்லிட்டாரு. கொஞ்சம் பொறு."

"காலேஜ்காரங்க பொறுப்பாங்களா?"

"சந்தேகம்னா சாமிகிட்டயே வந்து கேளு."

கேட்கத்தான் வந்தாள். முறை வந்ததும் கணவனோடு சாமி முன்னால் உட்கார்ந்தாள்.

"ஏறும் மகளே! சித்திரைக்குள்ள நானூறு."

"நிச்சயமா சாமி?"

"அம்மன் வாக்கு!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. கலாராணி கணவனின் பையிலிருந்து டொலர்க் கட்டை உருவிச் சாமியின் காலடியில் வைத்தாள்.

"பேங்க்ல இன்னைக்கு முந்நூறு. நீங்க முந்நூத்தம்பது குடுத்து இத எடுத்துக்கங்க சாமி. சித்திரைக்கு ஒவ்வொரு டொலருக்கும் அம்பது ரூபா ஒங்களுக்கு லாபம். எம் மக படிப்பும் நடக்கும்."

சாமியின் கண்கள் திறந்தன. அருள் வந்தபோதுகூட அவை இவ்வளவு அகலமாகத் திறந்ததில்லை.

"சாமிக்குக் காசாசை ஆகாதும்மா."

"அப்ப அந்த ஐயாயிரம்?"

"அது அம்மனுக்கு."

"அப்ப லாபமும் அம்மனுக்கே சேரட்டும். முந்நூத்தி இருபது குடுங்க. சரி, முந்நூத்தஞ்சு?"

"இன்னைக்கு நாள் சரியில்ல."

"காணிக்கை வாங்க மட்டும் நாள் சரியா இருக்கா?"

வரிசையில் நின்ற வீரம்மாவும் இடுப்பு முடிச்சை அவிழ்த்தாள். "என்னோடதையும் எடுத்துக்கங்க சாமி. எனக்கும் முந்நூத்தஞ்சு போதும்." பின்னால் நின்றவர்களும் பைகளைத் திறந்தார்கள். நானூறு ரூபாய் ஆகப்போகும் டொலர் மலிவு விலையில் மழையாய்க் கொட்டியது. சாமி ஒன்றையும் தொடவில்லை. நெற்றி விபூதி வியர்வையில் கரைந்து மூக்கில் வழிந்தது.

அந்த நேரம் பார்த்து வாழைப்பழச் சீப்போடு சந்திரகுமார் உள்ளே நுழைந்தார். வெளிநாட்டிலிருந்து போன் உறை இறக்கி விற்பவர். டொலர் இறங்கினால்தான் அவருக்குப் பிழைப்பு. அவர் மாதிரி ஆட்களைச் சாமி வெள்ளிக்கிழமையில் தனியாகப் பார்ப்பார். பாவம், மனுசன் நாள் மாறி வந்துவிட்டார்.

"என்னங்க சாமி, நானூறுங்கிறாங்க? எனக்கு எரநூறுக்கு எறங்கும்னு பூசை போட்டீங்களே!"

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு வீடே சிரித்தது. சாமி எழுந்து பூசை அறைக்குள் போனார். சற்று நேரத்தில் பின்கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

மோகனராஜ் தலையைச் சொறிந்தான். "பேங்க் எத்தனை மணிக்கு மூடுவாங்க?"

"ஓடுனா புடிக்கலாம்," என்றாள் கலாராணி. இருவரும் ஓடினார்கள். அன்றைய விலைக்கே மாற்றி, அன்றே கட்டணத்தையும் கட்டினார்கள். அவளுக்கு அப்படியொரு சந்தோஷம்.

இந்நேரம் கண்டியில் இன்னொரு சாமி பாய் விரித்திருப்பார். போகிறவர்கள் போங்கள். அவர் சொல்லும் விலைக்கு முதலில் அவரையே வாங்கச் சொல்லுங்கள். அதைக் கேட்க அருள் வேண்டாம், அறிவு போதும்.